மெழுகில் சீவிய பெயர்

முதலாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. பதினோரு பாட்டுக்கும் மெட்டுப் போட்டவர் ஒருவர்; திரையில் வந்த எழுத்து, "இசை: கம்பெனி." இரண்டாவது, அதே வருடம் அடுத்த படம். படம் பிடிக்கும்போதே பாட்டையும் பிடித்தாக வேண்டிய காலம். கேமரா கண்ணில் படக்கூடாது என்று அவரை ஆர்மோனியத்தோடு பொய்ப்பாறை ஒன்றுக்குள் உட்காரவைத்து மூடினார்கள். மூன்று மணி நேரம். மூச்சுவிட ஒரு துளை இல்லை. மூன்றாவது, முப்பத்து நான்கு. இசைத்தட்டுக்காக மெழுகில் விழுந்த அவருடைய பெயரைச் சீவி எறிந்தார்கள். நான்காவது, முப்பத்து ஐந்து. புராணப் படத்துக்குப் பெண் மெட்டுப் போட்டாள் என்றால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்று, பண்டிட் சாரதா பிரசாத் என்று இல்லாத ஆண்பிள்ளை ஒருவனை உண்டாக்கினார்கள். அவனுக்குப் பதக்கம் வந்தபோது முதலாளியின் மைத்துனன் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் வாங்கிக்கொண்டான். ஐந்தாவது, முப்பத்து எட்டு. பெண் என்றால்தான் விலைபோகும் என்று காற்று திரும்பியதும் பண்டிட்டைக் கொன்று சாரதா தேவி ஆக்கினார்கள். காசியில் பிறந்தவளாம், பால்ய விதவையாம், கனவில் சரஸ்வதி வந்து வீணையை மடியில் வைத்தாளாம். ஆறாவது, நாற்பத்து மூன்று. உதவியாளனாக இருந்தவன் நான்கு மெட்டுகளைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கம்பெனிக்குப் போனான், கேட்கப் போனவரை வாசலில் காவல்காரன் "எந்த சாரதா?" என்று கேட்டான். ஏழாவது.

ஏழாவது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் தாள் வெள்ளையாக இருக்கிறது. வரிசை எனக்கு முக்கியம், நாற்பது வருடம் துண்டு நோட்டீஸ் எழுதியவன், அநியாயத்தை வரிசை மாற்றிச் சொன்னால் எதிரி அந்தச் சந்தில் நுழைந்து தப்பிவிடுவான் என்று சின்னவர்களுக்குப் பாடம் எடுத்தவன், ஆறு வரைக்கும் மளமளவென்று வந்த பென்சில் ஏழில் வந்து நிற்கிறது. சட்டைப்பையில் வைக்கிறேன், எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். மணி பதினொன்றே கால். பம்பாய் கல்யாணப் பதிவு அலுவலகத்தின் வராந்தா பெஞ்சு, மூன்று பேர் உட்காரத் தேக்கில் செய்தது, நல்ல வேலை, கூர்மூலையை இழைத்து உருட்டியிருக்கிறான், தச்சனுக்குத் தச்சன் கை தெரியும். எனக்கு இடப்பக்கம் இப்ராகிம், கிளாரினெட், வாணியம்பாடிக்காரன். வலப்பக்கம் பெர்னாண்டஸ், வயலின், கோவாக்காரர், இப்போது இரண்டு காதும் போய்விட்டது. ஒரு பெயரைக் கேட்டதைச் சாட்சி சொல்ல வந்தவருக்குக் காது கேட்காது. காலையில் ரயிலில் வரும்போதே இப்ராகிம் ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, ரிஜிஸ்டர் ஆபீசர் கேள்வி கேட்டா இவரு தலையாட்டுவாரு. எதுக்கு வேணா ஆட்டுவாரு. பாத்துக்க, உனக்குப் பதிலா இவருக்குக் கட்டிவச்சிரப் போறாங்க." பெர்னாண்டஸ் தலையாட்டினார். என் மடியில் வாழையிலைப் பொட்டலம், உள்ளே இரண்டு சம்பங்கி மாலை. தாலி கிடையாது, ஐயர் கிடையாது, பாதிரி கிடையாது. அறுபத்தைந்து வயது மாப்பிள்ளை. அறுபத்திரண்டு வயதுப் பெண் இன்னும் வரவில்லை. "நீ ரெண்டு பேரை இட்டுகினு போ. மூணாவது ஆளை நான் இட்டாறேன்," என்று சொல்லிவிட்டு எட்டரை மணிக்கே டாக்சி ஏறியவள். மூணாவது ஆள் யார் என்று சொல்லவில்லை. கேட்டேன். "வந்தா பாரு," என்றாள்.

மூன்று பேர் வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று சாட்சி சட்டம். அது பெரிய விஷயமில்லை, தெருவில் போகிற மூன்று பேரைக் கூப்பிட்டால் போதும். ஆனால் அவளுடைய ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றிலும் சாரதா தேவி. கம்பெனி வைத்த பெயர் நாற்பது வருடத்தில் தோலோடு ஒட்டிவிட்டது. பிறந்த பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் பிறந்த பெண்பிள்ளைக்கு யார் காகிதம் கொடுத்தார்கள்? போன மாதம் மனு கொடுக்க வந்தபோது பதிவாளர் அம்மாள், கண்ணாடி போட்ட பெண், நல்ல மாதிரிதான், சொன்னார்: அந்தப் பெயரில் இவரை அறிந்த மூன்று பேர் என் முன்னால் வந்து சொல்லட்டும், எழுதுகிறேன், இல்லையென்றால் ரேஷன் கார்டில் உள்ளபடிதான். நான் அறிவேன், ஆனால் மாப்பிள்ளை சாட்சி ஆக முடியாது. அவளுடைய அப்பா பொன்னுரங்கம் சுரங்கத்துக்குள்ளேயே போனவர். அம்மா காசத்தில். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். ஆயிரம் பேரைக் கூட்டி ஊர்வலம் விட்டிருக்கிறேன், ஒரு பெயரை அறிந்த மூன்று பேரைக் கூட்ட எனக்கு ஒரு மாதம் போதவில்லை. பட்டியலை அதற்காகத்தான் எழுதினேன், பதிவாளர் முன்னால் எழுந்து நின்று வாசித்துவிடலாம் என்று. பட்டியலில் "அவர்" என்று எழுதியிருக்கிறேன். மனசுக்குள் அவள். நேரில் மாஸ்டர். ஸ்டூடியோவில் மெட்டுப் போடுகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், பெண்ணுக்கென்று தனியாக ஒரு சொல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெயரை நான் சொல்லி முப்பது வருடம் ஆகிறது. மனசுக்குள்ளும் சொல்வதில்லை. அவள் போட்ட தடை. "இனிமே என் பேரு உன் வாயில வரக்கூடாது." வாய் என்றாள், மனசு என்று சொல்லவில்லை, ஆனால் வாய் வேறு மனசு வேறு என்று வாழ்ந்தவன் நான் இல்லை.

ஏழாவது. இல்லை, முதலில் இரண்டாவது. மூடினார்கள் என்று எழுதியிருக்கிறேன். யார் மூடினார்கள்? மூங்கில் சட்டம், மேலே சாக்கு, சாக்கின் மேல் சுண்ணாம்பும் கரியும் குழைத்துப் பூசிய அந்தப் பாறையைச் செய்தது நான். கையில் ஆணியோடு மூடியதும் நான். சுரங்கத்தில் நோட்டீஸ் கொடுத்தான் என்று துரத்தப்பட்டு, ரயிலேறி வந்து, இரண்டு மாதமாக ஸ்டூடியோவில் தச்சுவேலை, இருபத்திரண்டு வயது, உள்ளே யார் உட்காருகிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பாறைக்கு முன்னால் கிருஷ்ணன் வேஷக்காரன் புல்லாங்குழலை வாயில் வைத்து நின்றான். பாறைக்குள்ளிருந்து ஆர்மோனியம் கிளம்பியது. அது கிருஷ்ணன் பாட்டு இல்லை. எனக்குத் தெரியும் அந்தத் தாளம், என் எலும்புக்குத் தெரியும். சுரங்கக் கூண்டு கீழே இறங்கும்போது மேலே இரும்புச் சக்கரம் சுற்றுமே, மூன்று வேகமாக, ஒன்று இழுத்து, பிறகு வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வீழ்ச்சி, அது. அதை எடுத்து யமுனைக் கரையில் விட்டிருந்தாள். அப்புறம் வடநாடு முழுக்க அந்தக் கூண்டில் இறங்கி ஏறியது, ஒருவனுக்கும் தெரியாது தான் எதில் ஏறியிருக்கிறோம் என்று. மூன்றாவது தடவை எடுக்கும்போது பாறைக்குள்ளிருந்து தமிழில் ஒரு குரல். "அடேய், எவன்டா இந்தப் பொட்டிய செஞ்சவன்? செத்தப்புறம் வைக்கிறதுக்கு இப்பவே அளவு எடுத்துட்டியா?" நான் ஓடிப்போய்ப் பின்பக்கம் துளையூசியால் ஒரு ஓட்டை போட்டேன். சாக்கு, சுண்ணாம்பு, இன்னும் கொஞ்சம் அழுத்தி, அந்தப் பக்கம். ஓட்டையில் ஒரு கண் வந்து நின்றது. வேர்வையில் மை கரைந்த கண். "எந்த ஊரு?" என்றது. "தங்கவயல், சாம்பியன் ரீஃப்," என்றேன். கண் சிரித்தது. கண் மட்டும் தெரிந்தால் சிரிப்பு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். "நானு மாரிக்குப்பம். இன்னும் ரெண்டு ஓட்டை போடு." போட்டேன். பிறகு அவள் தன் பெயரைச் சொன்னாள், நான் என் பெயரைச் சொன்னேன், மாசிலாமணி, அதற்குள் ஒலிப்பதிவுக்காரன் சத்தம் போட்டான்.

"அண்ணே, பன்னண்டு ஆவப்போவுது," என்கிறான் இப்ராகிம். தெரியும். பதிவாளர் ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்தால் இன்றைக்கு அவ்வளவுதான் என்று பியூன் காலையிலேயே சொல்லிவிட்டான். படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம், செருப்பு, இளம் செருப்பு, அவளுடையது இல்லை. அவள் ஏறினால் இடதுகால் ஒரு அரைமாத்திரை தாமதித்து விழும், விழுந்ததிலிருந்து அப்படி. மூன்று மாதம் முன்னால் குளியலறையில் விழுந்து, அடுத்த வீட்டுக்காரர் என்னை ஆளனுப்பிக் கூப்பிட, தாதரிலிருந்து டாக்சியில் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள் கேட்டாள், நீங்கள் இவருக்கு என்ன வேண்டும்? எல்லாக் கூட்டத்திலும் கேள்வி கேட்டவன், கேள்விக்கு எதிர்க்கேள்வி வைத்திருப்பவன், சட்டைப்பைப் பென்சிலைத் தடவிக்கொண்டு நின்றேன். சீட்டுக்காரியே எழுதிக்கொண்டாள், "தெரிந்தவர்." தெரிந்தவர் சாயங்காலம் நான்கு முதல் ஐந்து வரை பார்க்கலாம். ஒன்பது நாள் தினம் ஒரு மணி நேரம் பார்த்தேன். பத்தாம் நாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னாள், "யோவ் நோட்டீசு. நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் உரிமை கேட்டியே. ஒரு மணிக்கு மேல என்னாண்ட ஒக்கார உனக்கு உரிமை கீதா?" இல்லை என்றேன். "அப்ப கேளு." என்னத்தைக் கேட்பது என்று நான் விழித்தேன். பக்கத்துக் கட்டில் மராட்டிக் கிழவி புரியாமலே சிரித்தாள். "கட்டிக்கிறியான்னு கேளுய்யா, சீக்கிரம், அஞ்சு அடிக்கப் போவுது." கேட்டேன். மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் பத்தாயிரம் பேருக்குக் கேட்கப் பேசிய தொண்டை, அவளுக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை கேட்கவைத்தாள். "ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, எழுதுனா என் பேருல எழுதணும். ரெண்டாவது நான் சொல்ற வரைக்கும் அந்தப் பேரை நீ சொல்லக்கூடாது, அந்தத் தடை அப்படியேதான் கீது." சரி என்றேன். நிபந்தனைகளை இருதரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு மணி அடித்தது.

ஸ்டூடியோவில் எல்லோரும் கேட்க அவள் தன் பெயரைத் தானே சொன்ன நாள் ஒன்றுதான். முப்பத்து நான்கு. பாடி முடித்ததும் பாடியவர் தன் பெயரைச் சொல்வது பழைய தட்டுகளின் வழக்கம். தட்டு அச்சாவது எங்கோ கடல் தாண்டி, எந்தப் பாட்டு யாருடையது என்று அங்கே இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமே. எங்களுக்கு நினைவு தெரிந்தபோது அந்த வழக்கம் போய்விட்டது, ஆனால் மாரிக்குப்பத்து டீக்கடையில் இருந்தது பழைய கிராமபோன் பெட்டி, பழைய தட்டு. பாட்டு முடிந்து, கரகரப்பு, பிறகு யாரோ ஒரு பெண் உரத்த குரலில் தன் பெயரைச் சொல்வாள். பேர் சொன்னால்தான் பாட்டு முடிந்தது என்று நினைத்து வளர்ந்தவள். அப்புறம் கூடாரத்தில் பேசாத படம் ஓடும்போது திரைக்கு முன்னால் ஆர்மோனியம் வாசித்தாள், குதிரை ஓடினால் குதிரை, மழை பெய்தால் மழை, அழுதால் அவள் அம்மா மார் அடித்துக்கொண்டு பாடிய ஒப்பாரி. பதினாறு வயது. படம் முடிந்ததும் எழுந்து நின்று தன் பெயரை உரக்கச் சொல்லுவாளாம், சுரங்கத்து ஆட்கள் கைதட்டுவார்களாம். அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு. சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அறை, கம்பளிக்கு ஆணி அடித்தவன் நான், ஓரத்தில் நின்றேன். நடுவில் ஒலிவாங்கி. இப்ராகிம் அப்போது மீசை அரும்பாத பயல். பெர்னாண்டஸுக்குப் பாம்புக் காது, தூரத்து வயலின் ஒரு நூல் இறங்கினாலும் திரும்பிப் பார்ப்பார். அவளே வாசித்து அவளே பாடினாள். கடைசி அடி, தபலா நின்றது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க அவள் முன்னால் குனிந்து தமிழில் "என் பேரு" என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரன் சொராப், பார்ஸி, இருபத்தெட்டு வயது, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் அடித்துக்கொண்டான். வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் ஜாதி தெரியும், ஊர் தெரியும், பாஷை தெரியும். மறுபடி எடு என்றார், பேர் இல்லாமல். எடுத்தார்கள். அவள் குரல் தடமாக விழுந்திருந்த முதல் மெழுகுத்தட்டைச் சொராப் கத்தி வைத்துச் சீவினான். மெழுகுத்தட்டு விலை அதிகம், சீவி வழவழப்பாக்கினால் அடுத்த பாட்டுக்கு ஆகும். நான் தினமும் இழைப்புளி பிடிக்கிறவன், சுருள் சுருளாக மரம் விழுவதைப் பார்த்து ஒருநாளும் வலித்ததில்லை. அன்றைக்கு அந்தப் பழுப்புச் சுருள் தரையில் விழுந்ததைப் பார்த்து முதல் நோட்டீஸை எழுதினேன். "ஓ தொழிலாளத் தோழனே!" என்று ஆரம்பம். எனக்கு அதைவிட நன்றாக எழுதத் தெரியாது, நான் படித்ததெல்லாம் காலணாத் துண்டறிக்கை, அதில் எல்லா வரியும் அப்படித்தான் கத்தும். சொராப்பை எதிரி வரிசையில் வைத்தேன். நாற்பது வருடத்தில் இரண்டு தடவை தெருவில் எதிரே வந்தார், இரண்டு தடவையும் நான் அடுத்த நடைபாதைக்குப் போனேன்.

"ஏன்யா இந்திக்காரன் பாட்டுக்காக நீ அடிபடுற?" என்று மாட்டுங்காவில் தமிழ்த் தோழர்கள் கேலி செய்வார்கள். அவர்களோடு சேர்ந்து இந்தி எழுத்தில் தார் பூசிய கை இது. மாலையில் அதே கையைக் கழுவிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் அவளுக்காக நின்றிருக்கிறேன், தார் நகத்திலிருந்து போகாது, அவள் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "வார்த்தை அவங்களுது நோட்டீசு. மெட்டு மாரிக்குப்பத்துது. எதுமேல தாரைப் பூசுவ?" பதினைந்து வருடத்தில் முப்பத்தொரு படம். ஒரு சுரம் எழுதத் தெரியாது. பாடிக் காட்டுவாள், பிடிக்காவிட்டால் மேஜையில் கொட்டிக் காட்டுவாள், அதுவும் வராவிட்டால் பெர்னாண்டஸின் முதுகில் தட்டுவாள். நூறு வயலின் வந்தது, காகிதம் வந்தது, காகிதம் பார்த்து வாசிக்கிற பையன்கள் வந்தார்கள். நாற்பத்தெட்டில் கடைசிப் படம். ஒருவரும் போ என்று சொல்லவில்லை, அழைப்பு நின்றது. அப்புறம் தாதரில் ஓர் அறை, குழந்தைகளுக்கு ஆர்மோனியம், ஞாயிற்றுக்கிழமை நான் போய் உட்காருவேன், கதவு திறந்தே இருக்கும், அக்கம்பக்கம் பேசக்கூடாதென்று அவள் திறந்து வைப்பாள், அக்கம்பக்கம் பேசியது. ஜன்னலுக்குக் கீழே காய்கறி வண்டிக்காரன் அவள் மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போவான். அவள் நிமிர மாட்டாள். "தாளம் விடுறான்," என்பாள்.

ஏழாவது. எழுதிவிடு. நாற்பத்து ஆறு. ஸ்டூடியோத் தொழிலாளர் வேலைநிறுத்தம், பதினெட்டு நாள். கோரிக்கைகளில் நான்காவது என்னுடையது: வாத்தியக்காரர், மெட்டுப் போடுகிறவர், எல்லோர் பெயரும் அவரவர் சொந்தப் பெயரில் திரையில் வரவேண்டும். நோட்டீஸ் எழுதியவன் நான். இருபத்திரண்டு பெயர் எழுதினேன். இப்ராகிம் பெயர், பெர்னாண்டஸ் பெயர், தபலாக்காரர், தம்பூராப் போடுகிற கிழவர், அவர் பெயரைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினேன். அந்த இருபத்திரண்டுக்கும் மேலே, முதல் பெயராக அவள் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அச்சகத்துக்குப் போகிற வழியில் நின்றேன். எவனாவது சொல்வானே, மாசிலாமணி இந்தப் போராட்டமே தன் பொம்பிளைக்காக நடத்துகிறான் என்று. சொந்தத்துக்குக் கேட்கிறான் என்ற பழி தலைவனுக்கு வரக்கூடாது, என் கை சுத்தமாக இருக்க வேண்டும், முதலில் மற்றவர்கள், நம் ஆள் கடைசியில், நம் ஆள் பொறுத்துக்கொள்வாள். பென்சிலால் அடித்தேன். மெல்லிசாக ஒரு கோடு. சொராப்புக்காவது முதலாளி கத்தி கொடுத்தான், எனக்கு யாரும் கொடுக்கவில்லை. போராட்டம் ஜெயித்தது. நோட்டீஸில் இருந்த இருபத்திரண்டு பெயரும் அடுத்த படத்தில் திரையில் வந்தன, கம்பெனிக்காரர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்படியே பார்த்து எழுதினார்கள், ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். எல்லோரும் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டினோம். அவளும் தட்டினாள். வெளியே வந்து, மழை, நான் குடையைப் பிடிக்க, அவள் குடைக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள். "அவங்க விட்டது பரவால்ல. அவங்களுக்குத் தெரியாது. இனிமே என் பேரு உன் வாயில வரக்கூடாது." அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன், டீ கொடுத்தாள். முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகள், ஒன்றில்கூட டீ தராமல் இருந்ததில்லை. பென்சில் நகர்கிறது, பெஞ்சின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். ஏழாவது, நாற்பத்து ஆறு, அவருடைய பெயரை நோட்டீஸிலிருந்து அடித்தவன் மாசிலாமணி. எழுதியதைப் பார்த்தால் எழுத்து சின்னதாக இருக்கிறது. என் எழுத்து எப்போதும் பெரிது, சுவரில் எழுதிப் பழகியது.

பன்னிரண்டே முக்கால். பியூன் வந்து தலையை நீட்டுகிறான். "என்ன தாத்தா, பெண் ஓடிப்போயாச்சா?" பிறகு குரலைத் தாழ்த்துகிறான், நல்ல எண்ணம்தான், "கீழே என் மச்சான் நிற்கிறான், மூன்றாவது கையெழுத்து அவன் போடுவான். பாட்டியம்மா வந்ததும் ரேஷன் கார்டுப் பெயரில் முடித்துவிடுங்கள். இந்த வயதில் பெயரில் என்ன இருக்கிறது?" இப்ராகிம் என்னைப் பார்க்கிறான். வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் வாய்க்குள் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. படிக்கட்டில் தடுக்கியிருப்பாளோ, டாக்சியில் மயங்கியிருப்பாளோ, எந்த ஆஸ்பத்திரியோ, அங்கேயும் ஒருத்தி சீட்டு எழுதிக்கொண்டிருப்பாளோ. சாரதா என்று எழுதினால் என்ன, இன்றைக்கே கணவன், ஐந்து மணிக்கு மேலும் உட்காரலாம், இரவெல்லாம் உட்காரலாம். மெல்லிசாக ஒரு கோடு. மறுபடியும் நம் ஆள் பொறுத்துக்கொள்வாள். மடியில் மாலைப் பொட்டலம் சரசரக்கிறது. "வேண்டாம் தம்பி," என்கிறேன், "அந்தப் பெயர் இல்லாமல் கல்யாணம் இல்லை." அந்த நேரம் படிக்கட்டில் ஒரு அடி. அரைமாத்திரை. ஒரு அடி. பெர்னாண்டஸ்தான் முதலில் எழுந்தார். கேட்டிருக்க முடியாது, பெஞ்சு அதிர்ந்திருக்கும், இல்லை என் முகத்தைப் பார்த்திருப்பார். அரக்குக் கரைப் புடவை, தலையில் அவளே வைத்துக்கொண்ட ஒரு முழம் பூ, ஒரு கையில் கைத்தடி, மறுகையில் ஒரு கிழவர். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேரும் ஏறி வருகிறார்கள். வெள்ளைக் கால்சட்டை. தொளதொளத்த வெள்ளைக் கால்சட்டை.

"இவரா?" என்றேன் தமிழில். "இவருதான்," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "நாலு மாடி எறக்கி இட்டாறதுக்குள்ள உசுரு போச்சு. அப்படிப் பாக்காத நோட்டீசு. சீவுனவனுக்குத்தான் தெரியும் இன்னாத்த சீவுனோம்னு." சொராப் என் பக்கம் கையை நீட்டி, தச்சனைக் கூப்பிடுகிற மாதிரி இந்தியில், "மிஸ்திரி, இன்னும் அடுத்த நடைபாதையா?" என்றார். அந்தக் கையைப் பார்த்தேன். மெலிந்து, நரம்பு புடைத்து, லேசாக ஆடுகிற கை. கத்தி பிடித்த கை. என் சட்டைப்பையில் ஏழாவது வரி இருக்கிறது. பிடித்தேன். அவள் என் பையிலிருந்து தாளைத் தானே உருவிக்கொண்டாள், கண்ணாடியை மூக்கில் இறக்கி, உதடு அசைய, முதலாவதிலிருந்து வாசித்தாள். பாறைக்கு வந்ததும் "மூடுனாங்களாமே, யாரு?" என்று என்னை ஒரு பார்வை. ஏழுக்கு வந்தாள். அங்கே உதடு நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். "வரிசை சரியாத்தான் கீது," என்றாள். தாளை நான்காக மடித்து அதாலேயே விசிறிக்கொண்டாள். "இன்னா வேர்வை." நான் கேட்டேன், முப்பது வருடம் கேட்காததை, "இப்போ சொல்லலாமா?" விசிறி நிற்கவில்லை. "நீ சொல்லாத. சர்க்கார் சொல்லட்டும். நீ ஒக்காந்து கேளு."

உள்ளே மின்விசிறி, பச்சை மேஜைத்துணி, பெரிய புத்தகம். பதிவாளர் அம்மாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். இப்ராகிம் எழுந்து சொன்னான், அப்போது எனக்குப் பதினேழு வயது, சிரித்தேன், அதற்காக அவர் என்னை ஒரு வாரம் சேர்க்கவில்லை, அதனால் மறக்கவில்லை. பெர்னாண்டஸுக்குக் கேள்வியை எழுதிக் காட்டினார்கள், அவர் பதிலை எழுதி, எழுத்துக் கூட்டி, அடியில் கோடிட்டுக் கொடுத்தார். சொராப்பிடம் அந்த அம்மாள் கேட்டார், நாற்பத்திரண்டு வருடம் முன்னால் ஒரு தடவை கேட்டது உங்களுக்கு எப்படி நினைவிருக்கும்? இரண்டு தடவை, என்றார் சொராப். மெழுகை ஒருமுறை ஓட்டிக் கேட்டால் தடம் கெட்டுவிடும், எப்படியும் சீவப் போகிறோமே என்று எல்லோரும் போன பிறகு நான் தனியாக ஒருமுறை ஓட்டிக் கேட்டேன். தபலா நின்று, ஒரு மூச்சு இழுப்பு, அதற்குப் பிறகு. இப்படி. அந்தக் கிழவர், தமிழில் ஒரு வார்த்தை அறியாதவர், முன்னால் குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, "என் பேரு" என்று சொல்லி அதையும் சொன்னார். மாரிக்குப்பத்துப் பத்தொன்பது வயதுப் பெண் சொன்ன ராகத்தில், அவள் எங்கே நீட்டினாளோ அங்கே நீட்டி. என் பக்கத்தில் தாள் விசிறி நின்றது. அவளுடைய கை என் கை மேல் வந்து உட்கார்ந்தது, விரல் மூன்று தட்டு வேகமாக, ஒன்று இழுத்து, அவளுக்கே தெரியாமல். பதிவாளர் பேனாவை மையில் தொட்டு எழுதினார், எழுதி முடிக்கும் வரை நிப்பு கீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி, சாட்சிகள் மூவரும் எழுந்து நில்லுங்கள் என்றார். நின்றார்கள். பெர்னாண்டஸ் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் இந்தியில்தான் வாசித்தார், தார் பூசிய கையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டேன்: மணமகள், வயது அறுபத்திரண்டு, பிறந்த ஊர் கோலார் தங்கவயல், மாரிக்குப்பம், தகப்பனார் பொன்னுரங்கம், தொழில் சினிமாப் படங்களுக்கு இசையமைத்தல், பெயர், அஞ்சலை.